வெடிக்காத காரை வெடிக்க வைத்த கதை

பழுதைத் திருத்திவிட்டேன் என்று யாராவது கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னால், நான் ஒன்றுதான் கேட்பேன். "சரி, அதைத் திரும்ப வரவழைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்." இந்தக் கராஜுக்கு வேலைக்கு வந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி விழுந்திருக்கிறது. கிழவனுக்கு விசர் என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எனக்குக் கேட்டுத்தான் இருக்கிறது. காது இன்னும் பழுதாகவில்லை, தம்பிமாரே.

இப்போது கணினியை மாட்டினால் கார் தன் நோவைத் தானே சொல்லிவிடுகிறது. சிவப்பு விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ஆனால் போய்விட்ட பழுதும் ஒளிந்துகொண்ட பழுதும் பார்வைக்கு ஒன்றுதான். அது எதனால் வந்தது என்று விளங்கியவன் கூப்பிட்டால்தான் அது திரும்ப வரும். விளங்காதவன் தற்செயலாகத் தப்பியவன். இந்த அறிவு எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. கண்டிக்குப் பக்கத்து இந்தக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், துவக்குப் பிடித்தவர்கள் சுற்றி நிற்கும்போது வந்தது.

தமிழர் வீடுகளை எரித்த எண்பத்து மூன்றுக் கலவரம் முடிந்து, வடக்கில் யுத்தம் முற்றிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்போதும் எங்கள் கராஜ் இதே இடத்தில்தான், பாலத்தைத் தாண்டியதும் கடைகளுக்குப் பின்னால் இருந்தது. மேலே மலையில் ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் துரை எங்களுடைய வாடிக்கையாளர். சிங்களவர், நல்ல மனிதர், கார் என்றால் பைத்தியம். அவரிடம் எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு. எவரோ ஒரு வெளிநாட்டுக்காரர் அறுபதுகளில் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுப்போனது. எங்கள் மலை ரோட்டு வளைவுகளில் அது திரும்புவதைப் பார்த்தால் கிணற்றுக்குள் கட்டிலை இறக்குவதுபோல இருக்கும்.

அந்தக் காருக்கு ஒரு சூப்பர்சார்ஜர் வேண்டும் என்று துரைக்கு ஆசை வந்தது. ஏன் என்று கேட்டேன். "பூட்டினால் என்ன நடக்கும் என்று பார்க்கத்தான்" என்றார். இதைவிட நல்ல காரணம் ஒரு மெக்கானிக்குக்குக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்த அவருடைய தம்பி ஒரு பெட்டியில் அனுப்பிவைத்தார்.

பெட்டியைத் திறந்த அன்று நாங்கள் வேறு வேலை செய்யவில்லை. உள்ளே ஓர் அலுமினியக் கூடு. கூட்டுக்குள் இரண்டு முறுக்கிய தண்டுகள். கையால் ஒன்றைச் சுற்றினால் மற்றதும் சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, இதோ முட்டப்போகிறது என்று நினைக்கும்போது முட்டாமல் விலகிப் போகும். நடுவில் ஒரு பேப்பர் துண்டை வைத்துப் பார்த்தோம். கண்ணை வைத்துப் பார்த்தோம். காதை வைத்துப் பார்த்தோம். பிரேக் பார்க்க வந்த லொறிக்காரர் ஒருவர் நின்று நின்று பார்த்துவிட்டு, இங்கே இன்று வேலை நடக்காது என்று போய்விட்டார்.

உங்களில் பழைய எஞ்சின் தொடாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் அதன் வாயில் காற்றைத் திணிக்கும். பெருநாளுக்கு வந்த மருமகனுக்கு மாமி சோறு போடுவதுபோல, போதும் என்றாலும் விடாது. காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். இரண்டும் கூடினால் பலம் கூடும், பலத்தோடு சூடும் கூடும். மிச்சமெல்லாம் அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டுகிற வேலைதான்.

அந்த மல்லுக்கட்டில் எனக்குக் கூட்டாளி சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைச் சொல்கிற மாதிரி என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கராஜில் வயரிங்கும் டைமும் அவர் பொறுப்பு. மனைவி கண்டியில் ரீச்சர். எண்பத்து மூன்றில் அவர்களுடைய வீட்டுக் கதிரை, அலுமாரி எல்லாம் வீதியில் போட்டு எரிக்கப்பட்டன. இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மனைவியின் பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பி வந்தார்கள். இவ்வளவு நடந்த பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "அங்கை எல்லாரும் சைக்கிளிலை போகினம் நானா. சைக்கிளுக்கு நான் என்னெண்டு டைம் வைக்கிறது?" என்றார். அப்படிப்பட்ட ஆள். என்னோடு நாள் முழுக்க வாதாடுவார். நான் எதையாவது அடித்துச் சொன்னால் "பாப்பம்" என்ற ஒரு சொல்லில் அதைக் கீழே போட்டுவிடுவார். அவர் இல்லாத நாளில் எனக்கு வேலை ஓடாது.

கதைக்கு இரண்டு சொற்கள் வேண்டும். இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஒன்று டைம். சிலிண்டருக்குள் தீப்பொறி விழ வேண்டிய கணத்தை நாங்கள் டைம் என்போம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி அந்தக் கணத்தை முந்தியோ பிந்தியோ ஆக்குவதுதான் டைம் வைப்பது. மற்றச் சொல் வெடி. எரியாமல் மிஞ்சிய பெற்றோல் சைலன்சருக்குள் போய் அங்கே பற்றினால் படார் என்று ஒரு சத்தம் வரும். கார் வெடிக்கிறது என்போம். டைம் பிழைத்தால் வெடிக்கும், டைமைச் சரியாக வைத்தால் வெடிக்காது. இதைக் கராஜ்காரன் சொல்லும்போது ஒரு பொருள். அந்த வருடங்களில் இந்த நாட்டில் மற்ற எல்லோருக்கும் வேறு பொருள். தினமும் வாயில் புழங்கிய சொற்கள் என்பதால் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

சூப்பர்சார்ஜரைப் பூட்டி முதன்முதல் ஸ்டார்ட் பண்ணியபோது கட்டுகஸ்தோட்டையே எட்டிப் பார்த்தது. அதன் இரைச்சல் மாவரைக்கும் மில்லுடையது. பக்கத்துக் கடை ஹாஜியார் வந்து, "மில் போடுறீங்க எண்டா ஒரு வார்த்தை செல்லியிருக்கலாமே" என்று குறைப்பட்டார். கார் இழுத்த இழுப்பைச் சொல்லி விளங்காது. அக்ஸிலரேட்டரில் காலை வைத்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைய பெற்றோலின் தரத்துக்கு பெற்றோல் முந்திப் பற்றி எஞ்சின் உள்ளே டக் டக் என்று தட்டத் தொடங்கியது. தட்ட விட்டால் பிஸ்டன் உருகிவிடும். அதனால் டைமை நன்றாகப் பிந்தி வைத்தோம். தட்டுவது நின்றது. பதிலுக்கு, வேகமாகப் போய்க் காலை எடுத்தால் வெடிக்கத் தொடங்கியது. ஒரு கண்ணை மூடினால் மற்றக் கண் திறக்கிற கதை.

மலை ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வோம் என்றார் துரை. சிவா காரோடு தோட்டத்துக்குப் போனார். போன மறுநாள் துரைக்குக் கொழும்பில் அவசர வேலை வந்து புறப்பட்டுவிட்டார். வேலையை முடித்துக் காரைத் திரும்பக் கொண்டுவருவது சிவாவின் பொறுப்பாயிற்று. பாலத்தடியில் ஆமியின் சோதனைச் சாவடி இருந்ததுதான் என் கவலை. சில நாட்களுக்கு முன் அங்கே ஒரு லொறி டயர் வெடித்தது. சிப்பாய்கள் அவ்வளவு பேரும் தரையில் விழுந்து லொறியை நோக்கித் துவக்கைத் திருப்பியதை நான் கண்ணால் கண்டவன். டிரைவர் உயிர் தப்பியது அல்லாஹ்வின் காவல்.

சிவா தோட்டத்துக் கந்தோரில் கிளார்க்கின் மேசையிலிருந்து போன் எடுத்தார். அந்தக் காலத்து லைனில் நாலு பேருடைய பேச்சு ஒன்றாகக் கேட்கும். நாங்கள் கத்திக் கத்திப் பேசினோம்.

"நானா, ஏத்தத்திலை நல்லா இழுக்குது. காலை எடுத்தாத்தான் வெடிக்குது."

"பெரிசா வெடிக்கிதா?"

"ஓம். கொழுந்தெடுக்கிற சனம் கூடையை விட்டிட்டு ஓடுது."

"அப்ப டைமை மாத்தி வைங்க. பாலத்துக்கு வர முந்தியே வெச்சிருங்க. பாலத்துல வெடிச்சா ஆமிக்காரன் நம்மள உட மாட்டான்."

"ஓம் ஓம். டைம் வைச்சிட்டுத்தான் வாறன். நாளைக்குப் பின்னேரம் பாலத்தடிக்கு வந்திடுவன்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். பின்னாளில் நாங்களும் சிரித்திருக்கிறோம். எச்சரிக்கையாக இருப்பதற்காக நான் சொன்னதுதான் அதில் மிக மோசமான வாக்கியம். பேசி முடித்துப் போனை வைக்கும்போது, நல்ல புத்தி சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர் கராஜ் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார். மலைநாட்டுத் தமிழர், எங்களுக்குப் பழக்கமானவர். சிவாவுக்குப் பின்னால் லொறியில் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

"பாய், காரப் புடிச்சிட்டாங்க. இவரு சும்மா மெதுவாத்தான் போனாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்துக்கிட்டே இருந்திருக்காங்க. இறக்கி, கையப் பின்னால கட்டி, கேம்ப்புக்குள்ள கொண்டு போயிட்டாங்க."

"வெடிச்சதா?"

"இல்ல பாய். ஒரு சத்தமும் இல்ல. பூனை மாதிரி வந்திச்சு."

காத்திருந்தார்கள் என்ற சொல்தான் எனக்குள் இறங்கியது. அப்படியென்றால் கார் வரப்போவது அவர்களுக்கு முன்பே தெரியும். போனில் பேசியதை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்த லைனில் யார் கேட்டார், யார் போய்ச் சொன்னார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. கொழும்புக்குப் போன் எடுத்துத் துரையைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்க. போனா ஒங்களையும் வெச்சிக்கொள்ளுவாங்க. ஒரு லோயரப் பாப்போம்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அன்று சாயந்தரத்துக்குள் ஆட்களைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே போனவர்களில் சிலரைப் பற்றி வீட்டாருக்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. லோயர் நாளைக்குக் கிடைப்பார், சிவா நாளைக்கு இருப்பாரா?

நான் உடுப்பு மாற்றவில்லை. எண்ணெய் பிடித்த சாரத்தோடும் பெனியனோடும் பாலத்தில் நடந்தேன். என்னைப் பார்த்ததும் மெக்கானிக் என்று தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். உடுப்பு மாற்ற நின்றால் பயம் முந்திவிடும் என்பது மற்றக் காரணம்.

முகாம் என்பது ஒரு பழைய நெல் களஞ்சியம். முற்றத்தில் கார் நின்றது, பொனட் திறந்திருந்தது. சுவரோரம் தரையில் சிவா இருந்தார். சட்டைப் பை கிழிந்திருந்தது. என்னைக் கண்டதும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தெரிந்த ஆள் என்று காட்டினால் எனக்கு ஆபத்து என்று அந்த மனிதன் நினைத்திருக்கிறார். நான் நேரே அதிகாரியிடம் போய் நின்றேன்.

அதிகாரி இளம் வயது. பேச்சு முழுதும் சிங்களத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். அவர் சத்தம் போடவில்லை. விரல்களை மடக்கிச் சொற்களைச் சொன்னார்: பாலம், டைம் வைப்பது, வெடிப்பது, ஆமி. "தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தச் சொற்களுக்கு வேறு என்ன பொருள், பாஸ்?"

மெக்கானிக்குகளை பாஸ் என்று கூப்பிடுவது சிங்களத்தில் மரியாதை. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். போனில் மறுபக்கம் பேசியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"இதையேதான் அந்த ஆளும் சொல்கிறான். கார் வெடிக்கும், அதைத்தான் பேசினோம் என்று. என் டிரைவர் இதை ஸ்டார்ட் பண்ணி, ஏற்றி இறக்கிப் பார்த்தான். ஒருமுறைகூட வெடிக்கவில்லையே."

"அவர் திருத்திவிட்டார், சேர்."

"நல்ல வசதியான பதில். வெடிக்க வைத்துக் காட்டு. வெடித்தால் உங்கள் கதையை நம்புகிறேன். வெடிக்காவிட்டால் சாயந்தரம் வாகனம் வருகிறது. இரண்டு பேரும் அதில் போகலாம்."

நன்றாக வேலை செய்தார் என்பதே சிவாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தம்பிமாரே, திருத்திய பழுது திரும்ப வராதே என்று நான் வாழ்க்கையில் கலங்கியது அந்த ஒரு நாள்தான்.

சிவாவிடம் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும் என்றேன். இரண்டு பேரும் பேசக் கூடாது என்றார்கள். சந்தேகப்படுபவன் அப்படித்தான் செய்வான், பிழை சொல்ல முடியாது. ஆகவே காரிடம்தான் கேட்க வேண்டும். முதலில் ஏறி உட்கார்ந்து, நன்றாக முறுக்கிக் காலை எடுத்தேன். மில் இரைந்தது, பிறகு சாதுவாக இறங்கியது. பிறகு பொனட்டுக்குள் தலையை விட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரில் நாங்கள் கராஜில் போட்ட பழைய கோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவா புதிதாக ஒரு கீறல் போட்டிருந்தார். டைமைத் தட்டாத அளவுக்குக் கொஞ்சம் முந்தித்தான் வைத்திருக்கிறார். அதைத் தளர்த்திப் பழைய கோட்டுக்கே திருப்பினேன். மறுபடி முறுக்கிக் காலை எடுத்தேன். சைலன்சரில் ஒரு செருமல் வந்தது. அவ்வளவுதான்.

அதிகாரி வாசல் பக்கம் பார்த்தார். வாகனம் வரும் நேரமாக இருக்க வேண்டும்.

என் கை எதையாவது பிடித்துத் திருகச் சொன்னது. இந்த ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூ, ஏதாவது ஒன்று. பயத்தில் திருகுகிறவன் ஒரு பழுதுக்கு மேல் இன்னொன்றைப் போடுவான், பிறகு எது எதனால் வந்தது என்று அவனுக்கே தெரியாது. கையை எடுத்துவிட்டேன். மட்காட்டில் சாய்ந்துகொண்டு வெறுமனே நின்றேன். சிப்பாய்களுக்கு நான் கைவிட்டவன்போலத் தெரிந்திருக்கும்.

நின்று யோசித்தேன். இதே கோட்டில் வைத்திருந்தபோது எங்கள் கராஜில் ஓரளவு வெடித்தது. ஹுன்னஸ்கிரியவில் சனம் ஓடுகிற அளவுக்கு வெடித்தது. அது ஏன்? அதே கார், அதே கோடு, அதே பெற்றோல். அங்கே இருந்து இங்கே இல்லாதது என்ன? இந்த இடத்தில், உங்களிடம் சொல்ல வெட்கமில்லை, எனக்குப் பயம் மறந்துபோனது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. பெட்டியைத் திறந்த அன்று அந்தத் தண்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேனே, அதே ஆசை.

அங்கே காற்று மெல்லியது. மலையில் ஏற ஏறக் காற்று குறையும். கார்பரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்குக்கே பெற்றோலை ஊற்றும். காற்றுக்குக் கூடுதலான பெற்றோல் எரியாமல் மிஞ்சி சைலன்சருக்குப் போகும். அதனால்தான் அங்கே அப்படி வெடித்திருக்கிறது. சிவா அதைக் கண்டுபிடித்துப் பெற்றோலைக் குறைத்திருக்க வேண்டும். நான் டைமை மட்டும் திருப்பினால் போதாது. கட்டுகஸ்தோட்டையில் இருந்துகொண்டு மலைக் காற்றுக்கு எங்கே போவது?

சோக். காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பக் காற்றை அடைக்கிற அந்தச் சின்னக் கம்பி. சூடான எஞ்சினில் அதை இழுத்தால் மெல்லிய காற்றில் நிற்கிற மாதிரித்தான், பெற்றோல் மிஞ்சும். அதோடு சைலன்சரும் கொதிக்க வேண்டும், அப்போதுதான் மிஞ்சியது பற்றும்.

"சேர், எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். பிறகு சத்தம் வரும். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லுங்கள். பாலத்தில் நிற்பவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒரு சிப்பாயைப் பாலத்துக்கு ஓடச் சொன்னார். அவன் திரும்பி வந்து தலையசைக்கும் வரை நான் தொடவில்லை. மேலும் ஒரு விஷயம் மனதில் இருந்தது. டைம் பிந்திய எஞ்சினை இப்படி வதைத்தால் எக்ஸோஸ்ட் பக்கம் சிவந்துவிடும், துரையின் ஆசைக் கார் நாசமாகலாம். அந்தக் கணக்கைப் பிறகு துரையிடம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டேன்.

எஞ்சினைப் பிடித்து வைத்திருந்தேன். சைலன்சரிலிருந்து சூடு தரையில் அடிப்பது தெரிந்தது. சோக்கை இழுத்தேன். கறுப்புப் புகை வந்தது. முழுதாக முறுக்கி, "பிஸ்மில்லாஹ்" என்று காலை எடுத்தேன்.

களஞ்சியத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. சொல்லி வைத்திருந்தும் அத்தனை பேரும் குனிந்துவிட்டார்கள், அதிகாரி உட்பட. ஏன், நானும்தான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்தேன். காகங்கள் கலைந்து கத்தின. குனியாத ஒரே ஆள் சிவா. சுவரோரம் கட்டிய கையோடு கழுத்தை நீட்டி, சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்திருப்பேன் என்று அவருடைய மூளை ஓடியிருக்கிறது. தொழில்காரன் தொழில்காரன்தான்.

"இன்னொருமுறை" என்றார் அதிகாரி.

இன்னொருமுறை வெடித்தது. இந்தத் தடவை அவர் குனியவில்லை. பக்கத்தில் வந்து பொனட்டுக்குள் பார்த்தார். இது என்ன பெட்டி, எப்படிக் காற்றைத் திணிக்கிறது, பெல்ட் எங்கே ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முடிவில், "தமிழில் இதற்கு வேறு சொல்லே இல்லையா?" என்றார். அவருடைய டிரைவர்தான் பின்னாலிருந்து மெதுவாக, "எங்கள் ஊர்ச் சிங்களக் கராஜிலும் இதே சொல்தான், சேர்" என்றான். அதிகாரி டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிவாவின் கையை அவிழ்க்கச் சொன்னார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. போங்கள் என்றார், அவ்வளவுதான்.

போங்கள் என்றால் எப்படிப் போவது? சோக்கைத் தள்ளிவிட்டாலும், கொதிக்கிற சைலன்சரோடு கார் இப்போது வெடிக்கிற காராக இருந்தது. பாலத்தைத் தாண்ட வேண்டும். அங்கே ஆள் மாறினால் புதிதாக நிற்பவனுக்கு யார் சொல்வது? அந்த முற்றத்திலேயே திரும்ப டைம் வைத்தாக வேண்டும்.

சாதாரணமாக அது இரண்டு பேர் சத்தமாகச் செய்கிற வேலை. ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார், மற்றவர் காலை வைத்துக்கொண்டு கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி என்று கத்துவார். சிவா ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தார். மணிக்கட்டில் கயிற்றின் தடம் சிவந்திருந்தது. வழக்கம்போல வாயைத் திறந்து, "நானா, டை..." என்றவர் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வேலையை ஒரு சொல்லும் பேசாமல் செய்தோம். அவருடைய ஸ்பானர் நட்டில் நிற்கவில்லை. நான் இறங்கிப் போய் அவருடைய கையின் மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷையில், நாளெல்லாம் செய்கிற வேலையின் பேரைச் சொல்ல இரண்டு வளர்ந்த மனிதர்களுக்கு வாய் வரவில்லை. புருவத்தாலும் விரலாலும் பேசி, புதிய கீறலில் கொண்டுபோய் நிறுத்தினோம். இறுக்கினோம். பொனட்டை மூடினோம்.

நான் ஓட்டினேன். சிவா பக்கத்தில் இருந்தார். பாலத்தில் நின்றவன் கையைக் காட்டி எங்களைப் போகச் சொன்னான். பாதி தூரத்தில் முன்னால் ஒரு பஸ் மெதுவாகியது, நானும் காலை எடுக்க வேண்டி வந்தது. எடுத்தேன். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். மில் இரைச்சல் இறங்கியது, கீழே மகாவலி ஓடுகிற சத்தம் கேட்டது, வேறொன்றும் இல்லை.

"வெடிக்கேல்லை, நானா" என்றார் சிவா, முன்னால் பார்த்தபடி, உதடு அசையாமல்.

நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். இரண்டும் முழுதாக மூடும் வரை பொறுத்திருந்து, "ஓ, டைம் நல்லா இரிக்கு" என்றேன்.